நான் சொன்ன பால் உதாரணம்

கதவில் பூட்டு தொங்கியது. உள்ளே யாரோ இருமினார்கள்.

பக்கத்து வீட்டு இருமலாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பக்கத்து வீடு ஒரு கொல்லை தள்ளி இருந்தது. மறுபடியும் இருமல். இந்தத் தடவை தகரக் கதவே லேசாக அதிர்ந்தது.

மணி ஒன்பதேகால். பத்து மணிக்குப் பரீட்சை. ஐந்தாம் வகுப்பில் மொத்தம் பதினோரு பிள்ளைகள். பத்துப் பேர் எண்ணெய் வைத்துத் தலைவாரி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பதினொன்றாவது பிள்ளையைத் தேடித்தான் தலைமையாசிரியை விஜயா டீச்சர் என்னை விரட்டியிருந்தார்.

"கீர்த்தனா?"

இருமல் சட்டென்று நின்றது. வாயைக் கையால் பொத்திக்கொண்டால் மூச்சு மூக்கு வழியாக வேகமாக வரும் இல்லையா, அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. கண்ணை வைத்துப் பார்த்தேன். சாணி வாசனையும் அணைந்த அடுப்பின் புகையும் முகத்தில் அடித்தன. கண் இருட்டுக்குப் பழகியதும் தவிட்டு மூட்டைக்குப் பக்கத்தில் அவள் தெரிந்தாள். பள்ளிச் சீருடையில் இருந்தாள். ரெட்டைச் சடை, ரிப்பன் எல்லாம் கட்டியிருந்தாள்.

"கீர்த்தனா, நான் சங்கீதாக்கா. ஏன் உள்ள இருக்க? அம்மா எங்க?"

தவிட்டு மூட்டைக்குப் பின்னால் இன்னும் நகர்ந்துகொண்டாள். பிறகு ரொம்ப மரியாதையாக ஒரு பதில் வந்தது.

"நா வீட்ல இல்லக்கா."

கடலூரில் ஒரு நாள்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் எடுத்துப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: அப்போது நான் பி.எட். முடித்துவிட்டு, வேலைக்கான அறிவிப்பு வருமா வருமா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்த பெண். சும்மா இருக்கத் தெரியாது. சிதம்பரத்திலிருந்து புவனகிரிக்கு பஸ், அங்கிருந்து வெள்ளாற்றங்கரையோரம் ஷேர் ஆட்டோ. அப்படிப் போய் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இருப்பவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அந்த வருஷம் மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே கேள்வித்தாளில் அடைவுத் தேர்வு வைக்கப்போவதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் எதுவரை கற்றிருக்கிறார்கள் என்று பார்க்கும் தேர்வு. பாஸ், ஃபெயில் கிடையாது. அதைப் பெற்றோருக்குப் புரியவைக்க எங்களைப் போன்றவர்களைக் கடலூருக்குக் கூப்பிட்டார்கள்.

மாடியில் ஒரு ஹால். ஜன்னல் வழியே உப்புக்காற்று. அது கொடுத்த தாள்களையெல்லாம் பறக்கவிட்டுக்கொண்டே இருந்தது. ஆளுக்கொரு மாதிரி விடைத்தாள் கொடுத்தார்கள். வட்டம் வட்டமாக இருக்கும், சரியான விடைக்குரிய வட்டத்தைக் கறுப்புப் பேனாவால் அடைக்க வேண்டும். எனக்கு எதிலும் அவசரம். எல்லோருக்கும் முன்னால் அடைத்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

"பேரன்ட்ஸ்தாங்க கஷ்டம்," என்றார் பயிற்சி கொடுத்தவர். "பரீட்சைன்னாலே பயந்துடறாங்க. அவுங்களுக்குத் தெரிஞ்ச விஷயத்த வச்சு சொல்லுங்க. ஒரு உதாரணம் போதும்."

உதாரணம் என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. திரும்பும் பஸ்ஸில், புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் ஒன்று கிடைத்துவிட்டது. ரோட்டோரம் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தது ஒரு பால் வண்டி.

சிவப்பு இருக்கா?

கொஞ்சம் என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பரீட்சையைக் கண்டு பெற்றோர் பயப்படுவதை நான் கடலூர் ஹாலில்தான் தெரிந்துகொண்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

என் அப்பா சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் டெய்லர். நாளெல்லாம் இஞ்ச் டேப்பும் கையுமாக இருப்பவர். அரை இஞ்ச் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் என் ப்ராக்ரஸ் கார்டை நீட்டினால் அந்த நம்பர்களைப் பார்க்கவே மாட்டார். எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்பார்:

"சிவப்பு இருக்கா?"

"இல்லப்பா."

"குடு." கையெழுத்து போட்டுவிடுவார்.

ஒரே ஒரு தடவை இருந்தது. கணக்குக்குக் கீழே சிவப்புக் கோடு. அப்பா மெஷினுக்கு உறையைப் போட்டார், சட்டையை மாட்டினார், கிளம்பிப் போய்விட்டார். டீச்சரிடம் பேசப் போயிருக்கிறார் என்று அம்மா சொன்னாள். நான் பயத்தில் கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அப்பா டீச்சரிடம் பேசவே இல்லை. பள்ளிக் கேட்டுக்கு வெளியே மதியம் முழுக்க நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். வருஷங்கள் கழித்துத்தான் சொன்னார். "உள்ள போனா, ஒன்ன கூட்டிட்டுப் போயிடுன்னு சொல்லிடுவாங்களோன்னு இருந்திச்சி."

இப்படி ஓர் அப்பாவுக்குப் பிறந்தவள் நான். பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் எனக்கு மூளை இன்னும் கொஞ்சம் வேலை செய்திருக்க வேண்டும்.

புங்க மரத்தடியில்

பெற்றோர் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். பள்ளி வளாகத்துப் புங்க மரத்தடியில் பதினைந்து பேர் இருப்பார்கள். அநேகம் பேர் அம்மாக்கள். இரண்டு மூன்று அப்பாக்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, எந்த நேரமும் நழுவிவிடுகிற தோரணையில் நின்றார்கள். பாலைச் சேகரிக்கிற சொசைட்டியின் செக்ரட்டரி முருகனும், டாடா ஏஸ் ஓட்டுகிற குமாரும் அவர்களில் இருந்தார்கள். இருவரும் மாமன் மச்சான்.

நான் ஆரம்பிப்பதற்குள் கேள்விகள் வந்து விழுந்தன.

"ஃபெயில் போட்டுட்டா திரும்ப அஞ்சாவதா?"

"அஞ்சாங்கிளாசுக்கே பொதுத்தேர்வுன்னு முன்ன ஒரு தபா சொல்லிட்டு அப்பறம் வேணாம்னாங்களே, அதுதானா இது? பேர மாத்திக்கினு வந்துடுச்சா?"

"புள்ளைங்க கம்மியா இருக்குற ஸ்கூலயெல்லாம் இழுத்து மூடப் போறாங்களாமே. அதுக்குத்தான் இந்தப் பரீட்சையாமே?"

கடைசிக் கேள்விக்கு எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அதுதான் அந்த ஊரின் பயம். பள்ளிக்கூடம் மூடினால் அடுத்த பள்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தில் லாரி ஓயாது.

"அதெல்லாம் இல்லீங்க," என்றேன். "இதுல புள்ளைக்கு மார்க்கே கிடையாது. புள்ளைங்க எழுதுறத வச்சு, ஸ்கூல்ல பாடம் எப்படிப் போவுதுன்னு பாப்பாங்க."

யாருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. மார்க் இல்லாமல் என்ன பரீட்சை? சரி, வண்டியில் வந்த உதாரணத்தை எடுத்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"சொசைட்டியில தெனம் பால் ஊத்துறீங்க. எல்லார் பாலும் ஒரே கேன்ல சேருது. குளிரூட்டுற எடத்துல அந்தக் கேன்லேருந்து கொஞ்சம் எடுத்து, தண்ணி கலந்திருக்கான்னு டிகிரி பாக்குறாங்க. இது யாரு மாட்டுப் பாலுன்னு கேக்குறாங்களா? இல்ல. கேன் எப்படி இருக்குன்னுதான் பாக்குறாங்க. அதே மாதிரிதான் இதுவும்."

அத்தனை தலைகளும் ஒன்றாக ஆடின. பி.எட். படித்த ஒருத்திக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

குமார் முருகனின் தோளைத் தட்டினான். "மச்சான், ஒம் புள்ள டிகிரி தாங்குமா? நேத்து ஆறேழு எத்தினின்னு கேட்டதுக்கு ஆறு வெரலும் ஏழு வெரலுமான்னு கேட்டானாமே?"

"மாமா, ஒம் பொண்ணு பாலு முழுக்கத் தண்ணி. போய் வண்டியத் தொடைங்க."

மரத்தடியே சிரித்தது. ஒரே ஒருத்தி சிரிக்கவில்லை. அஞ்சலை, கீர்த்தனாவின் அம்மா. புருஷன் இல்லை, ஒரு மாடு இருக்கிறது. மகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு வருஷம் செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டு வந்தவள். அந்த இரண்டு வருஷத்தில் விட்டுப்போன எழுத்துகளைத்தான் கீர்த்தனாவும் நானும் மாலை வகுப்பில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

"பாலு சரியில்லன்னு கேனு திரும்பி வந்துட்டா?" என்றாள் அஞ்சலை.

எனக்கு நாலே முக்கால் ஆட்டோவைப் பிடிக்க வேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னேன்.

"திரும்பி வராம பாத்துக்கினாப் போச்சுக்கா."

நாலு வார்த்தை. சிரித்துக்கொண்டே சொன்னேன்.

நிலைக்கதவின் இந்தப் பக்கம்

"கீர்த்தனா, பரீட்சைக்கு நேரமாச்சு. அம்மா ஏன் பூட்டிட்டுப் போனாங்க?"

"சொல்லக் கூடாதுன்னாங்க."

"எங்கிட்ட மட்டும்?"

"யார்கிட்டயும்." பிறகு கதவுக்கு அருகில் வந்து சொன்னாள். "நா எழுதுனா ஸ்கூல மூடிடுவாங்கக்கா. அப்பறம் எல்லாரும் ஆத்துக்கு அந்தாண்ட போவணும். கவிதா, ரம்யா எல்லாரும். என்னாலதான்."

"அப்ப ஏன் யூனிஃபார்ம் போட்டிருக்க?"

"அம்மா போனதுக்கு அப்பறம் சும்மா போட்டுப் பாத்தேன்."

பத்து வயசு. தான் வீட்டில் இல்லை என்று தானே சொல்லிக்கொண்டு, இருட்டில், வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறாள். அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. யார் இவளிடம் இப்படிச் சொன்னது என்று கோபம் வந்தது. யார் என்ற கேள்விக்குப் பதில் எனக்கு அப்போது இன்னும் தெரியாது, பாருங்கள்.

"அங்கயே இரு. அம்மா எங்க போயிருக்காங்க?"

"புல்லறுக்க. ஆத்தங்கரையில."

ஓடினேன்.

மடிநோவு மாடு

கரையோரம் ஈரப் புல்லின் வாசனை. அஞ்சலை குனிந்து அறுத்துக்கொண்டிருந்தாள். என் செருப்புச் சத்தத்துக்கே நிமிர்ந்துவிட்டாள். முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"அவ ஊருக்குப் போயிருக்கா," என்றாள் நான் கேட்பதற்கு முன்னால். "வடலூருக்கு. எங்க அக்கா ஊட்டுக்கு."

"அஞ்சலைக்கா, நான் கதவுகிட்ட போயி அவகிட்ட பேசிட்டுதான் வரேன்."

அரிவாளைக் கீழே போட்டாள்.

"நீதானம்மா சொன்ன."

"நான் என்ன சொன்னேன்?"

"கேனு திரும்பி வராம பாத்துக்கணும்னு. மாட்டுக்கு மடி வீங்கியிருந்தா நாங்க அன்னிக்கி பால் ஊத்துவமா? ஊத்த மாட்டோம். என் ஒருத்தி பாலால ஊரு கேனே கெட்டுப்போயி திரும்பி வந்திடும். அதுக்காவ வீட்லயே வச்சிக்குவோம். கேக்க ஆள் வந்தாலும் இன்னிக்கி கறக்கலன்னு சொல்லிடுவோம். இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான். நேர்மையா இருக்குறதுன்னா அதுதான்." மூச்சு வாங்கினாள். "என் பொண்ணுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே வரல. அவள அனுப்பிட்டு நாளைக்கி ஸ்கூலு போச்சின்னா, ஊர்ல நா யார் மூஞ்சில முழிப்பேன்?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யார் சொன்னது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நான்தான் சொன்னேன். மரத்தடியில் எல்லாத் தலைகளும் ஆடியபோது மற்றவர்களுக்கு உதாரணம் பாதிதான் புரிந்திருந்தது. முழுக்கப் புரிந்துகொண்டவள் அஞ்சலை மட்டும்தான். அது எங்கே போய் முடியும் என்பது எனக்கே புரிந்திருக்கவில்லை.

"தப்பு என் மேலதான்க்கா," என்றேன். "உதாரணமே தப்பு. இது கேன் பாக்குறது இல்ல. மாட்டு டாக்டர் வந்து பாக்குற மாதிரி. டாக்டர் வர்ற அன்னிக்கி மடி வீங்குன மாட்ட மறச்சிட்டு, நல்ல மாட்டக் கொண்டு போயி காட்டுவீங்களா?"

யோசித்தாள். புரிந்துகொள்கிறாள் என்று தெரிந்தது. அதனால்தான் அடுத்த கேள்வி வந்தது.

"பாத்துட்டு மருந்து குடுப்பாங்களா?"

கடலூரில் அதை யாரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை. வட்டத்தை முதலில் அடைத்து முடிக்கும் அவசரத்தில் இருந்தேன்.

"தெரியாதுக்கா," என்றேன். "ஆனா இந்தப் பரீட்சைய வச்சு யாரும் ஸ்கூல மூட மாட்டாங்க. அது தெரியும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சொல்லிவிட்டேன். சொன்ன கணமே பயம் பிடித்துக்கொண்டது. எனக்கு உண்மையிலேயே தெரியுமா? ஒரு ஹாலில் ஒருவர் சொன்னதைக் கேட்டேன், அவ்வளவுதான். அதை நம்பி ஒருத்தியின் முகத்துக்கு நேரே சத்தியம் செய்துவிட்டேன்.

அஞ்சலை அசையவில்லை. என் போனில் மணி பார்த்தேன். ஒன்பது நாற்பது.

"அக்கா, நான் கூப்பிட்டதுக்கு அவ இன்னா சொன்னா தெரியுமா? 'நா வீட்ல இல்லக்கா'ன்னா. உள்ளேருந்து."

அஞ்சலை என்னைப் பார்த்தாள். பிறகு ஆற்றைப் பார்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனாள். விரல்களில் புல் சாறு ஒட்டியிருந்ததால் முடிச்சு வழுக்கியது. கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்து, சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீயே போயி தொற. என்னப் பாத்தா அழுவா."

கேட்டுக்கு வெளியே

ஓட்டமும் நடையுமாகக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் இருமினாள். ஆனால் கையை விடவில்லை. வெளிப் பள்ளியிலிருந்து மேற்பார்வைக்கு வந்திருந்த சார் வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு?"

"கீர்த்தனா."

"எங்க போயிட்ட?"

அவள் என்னைப் பார்த்தாள். "வீட்லதான் சார் இருந்தேன்," என்றாள்.

கதவு சாத்தியாயிற்று. தேர்வு நடக்கும்போது என்னைப் போன்ற வெளியாட்கள் உள்ளே இருக்கக் கூடாது. கேட்டுக்கு வெளியே வந்து நின்றேன். புங்க மரத்து நிழல் கேட் வரை எட்டாது. வெயிலில் நின்றபோது கீழ வீதி டெய்லர் ஒருவரின் நினைப்பு வந்தது. ஒரு மதியம் முழுக்க இப்படித்தான் நின்றிருக்கிறார் மனுஷன்.

எத்தனை நேரம் என்று தெரியவில்லை. மணி அடித்தது. கீர்த்தனா கடைசியாக வந்தாள், ஆள்காட்டி விரல் முழுக்கக் கறுப்பு மை.

"எப்படிடி எழுதுன?"

"எதுவும் கோட்டுக்கு வெளிய போவலக்கா. எல்லா வட்டமும் அழகா அடச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "தெரியாததையும் அழகாத்தான் அடச்சேன்," என்றாள்.

"அது போதும்."

அவளுக்குப் போதவில்லை. இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பிக் கேட்டாள்.

"எப்ப வந்து மூடுவாங்க?"

"மூட மாட்டாங்கடி. அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

தலையை ஆட்டினாள். பெரியவர்கள் சொல்வதற்கெல்லாம் பிள்ளைகள் ஆட்டுகிற தலையாட்டல்.

மறுநாள் எனக்குப் பள்ளியில் எந்த வேலையும் இல்லை. மாலை வகுப்புக்குத்தான் போக வேண்டும். இருந்தும் விடிந்ததும் கிளம்பி முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, விஜயா டீச்சர் வரச் சொன்னார் என்று பொய் சொன்னேன். புவனகிரியில் ஆட்டோ கிடைக்கவில்லை. பாதி தூரம் நடந்தேன். கேட்டில் ஏதாவது நோட்டீஸ் ஒட்டியிருக்குமோ, யாராவது வந்து எதையாவது எழுதிவிட்டுப் போயிருப்பார்களோ என்று மனசு கண்டதையும் நினைத்தது. ஒரே ராத்திரியில் யாரும் ஒரு பள்ளிக்கூடத்தை மூடிவிட முடியாது. அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் நடையை எட்டிப் போட்டேன்.

கேட் பூட்டியிருந்தது.

அதன் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீர்த்தனா நின்றிருந்தாள். சீருடை, ரெட்டைச் சடை, ரிப்பன். விரலில் மை இன்னும் போகவில்லை. என்னைப் பார்த்தாள். கம்பியை விடாமலே கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டாள். நானும் கேட்கவில்லை. பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

ஸ்கூட்டி சத்தம் கேட்டது. விஜயா டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"இன்னா ரெண்டு பேரும்? பரீட்சை நேத்தோட முடிஞ்சுது. இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு ஸ்கூலுக்கு."

நாங்கள் இரண்டு பேரும் அவர் கையில் இருந்த சாவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பூட்டு திறந்தது. டீச்சர் கேட்டைத் தள்ளினார். கீர்த்தனா கம்பியை விடவில்லை. அது உள்ளே நகர நகர, பிடித்த பிடியோடு அவளும் கூடவே நகர்ந்து உள்ளே போனாள்.